நடுக்கடலில் நின்ற நீலப் பாட்டு

அலை வந்து அறையும் மதிலின்மேல் அந்தி வெயில் சாய்ந்திருக்கும் இந்த வேளையில், இந்த அவைக்குத் தலைமை ஏற்றும் இன்னும் நாற்காலியின் நுனியிலேயே அமர்ந்து மேடையின் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஹாஜி தைபி அவர்களே! எங்கள் எஸ்ஸவீரா நகரின் எழுச்சிமிகு பெரியோர்களே! வலை இழுத்த கை காயுமுன் வந்து அமர்ந்திருக்கும் படகுத்துறைச் சகோதரர்களே! அடுப்பில் கொதிக்கும் சூப்பை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு ஆசையோடு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! மராகேஷிலிருந்து பேருந்தில் குலுங்கிக் குலுங்கி வந்து, இங்கே எங்கள் காற்றிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டிருக்கும் விருந்தினர்களே! உங்கள் ஒவ்வொருவர்மீதும் இறைவனின் அமைதி இறங்குவதாக! என்மீதும் கொஞ்சம் இறங்கட்டும். எனக்கு இன்றைக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். மணப்பெண் அலங்கரிக்கும் மஹ்ஜூபா. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் பாதிப் பேரைப் பல்லக்கில் ஏற்றி, அவர்கள் கண்ணழகையும் கழுத்தழகையும் கூரை அதிர நான் பாடியிருக்கிறேன். இல்லாத அழகையும் இருப்பதாகச் சொன்னவள் நான். ஏய், ஸுபைதா, சிரிக்காதே, உன்னைச் சொல்லவில்லை! ஆகவே ஒலிபெருக்கியைக் கண்டு அஞ்சுகிற பெண் அல்ல நான். ஆனால் பாருங்கள், இன்று இதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மறைத்து என்ன பயன்? நீங்களே பார்க்கிறீர்கள்.

என்ன சொல்கிறார் அந்தத் தம்பி? "பேச்சு போதும், கச்சேரி எப்போ?" என்கிறார். நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரிந்திருந்தால் நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேனே! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பேச வந்தவள் அல்ல. நேரம் கடத்த வந்தவள். "மஹ்ஜூபா, நீ போய் ஏதாவது சொல்லிக்கிட்டு இரு, அவங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆகுற வரைக்கும் ஜனங்களைப் பிடிச்சு வை" என்று ஹாஜி தைபி என் கையில் இதைத் திணித்தார். ஹாஜி, கண்ணைக் காட்டாதீர்கள், எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன்.

சுவரெங்கும் ஒட்டியிருக்கிறார்களே, பார்த்தீர்களா? "பழைய நரம்பும் புதிய மின்னொலியும்! தந்தையும் மகளும் ஒரே மேடையில்!" அந்தத் தந்தை என் கணவர். அடிமைகளாக வந்தவர்கள் கொண்டுவந்த க்னாவா இசையின் ஆசான் ஃபராஜி. அந்த மகள் என் மகள். மார்செய் நகரத்துக்குப் போய், பொத்தான் அழுத்தினால் பறையும் இடியும் மழையும் பொழிகிற பெட்டியோடு திரும்பி வந்திருக்கும் கிஸ்லான். இப்போது இதோ, இந்தத் திரைக்குப் பின்னால், ஒரே கூடாரத்தில், ஒரு மூலையில் அவர், ஒரு மூலையில் அவள். அவர் மடியில் ஒட்டகத்தோல் போர்த்த மூன்று நரம்புக் கிம்ப்ரி, துணி உறை கழற்றாமல். அவள் மடியில் அந்தப் பெட்டி, விளக்கு எரியாமல். இரண்டு நாட்களாக இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் நான்தான் தபால்காரி. "உம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க அவரை." "மஹ்ஜூபா, கை நீட்டினா எட்டும்னு சொல்லு உன் மகளை." என் மகளாம்! மார்க்கு வாங்கினால் அவர் மகள், மல்லுக்கு நின்றால் என் மகள்.

சண்டை எதற்கு? பணத்துக்கா? புகழுக்கா? யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்றா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! முன்வரிசையில் பாருங்கள். நத்தை சூப்பு விற்கிறாளே எங்கள் ஹத்தா, அவள் வலது கையைப் பாருங்கள். அந்தக் கை மூடியிருக்கிறது. நேற்று முன்தினத்திலிருந்து மூடிய கை, இன்னும் திறக்கவில்லை. சண்டை அந்தக் கைக்காக. என் பயமும் அந்தக் கைக்காகத்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலுக்குப் பின் ஹத்தாவின் கை இப்படித்தான் மூடிக்கொண்டது. மருந்து பார்த்தார்கள், மசாஜ் பார்த்தார்கள். பிறகு நோன்புக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் எங்கள் வீட்டில் சாம்பிராணிப் புகை எழுந்து, ஃபராஜி கடலுக்குரிய அந்த நீலப் பாட்டைத் தொட்டபோது ஹத்தா தன்னை மறந்து எழுந்தாள். நீலத் துணியைத் தலையில் போட்டார்கள். ஆடினாள், அழுதாள், அயர்ந்து விழுந்தாள், எழுந்தாள், கையை விரித்து, "தண்ணி கொடுங்கடி" என்றாள். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை அவளுக்கு அந்தப் பாட்டு. நம்புகிறவர் நம்புங்கள், நம்பாதவர் சும்மா கேளுங்கள். ஆனால் க்னாவாக்காரர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பாட்டுக்கு எழுந்தவர் தானாக இறங்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது! வீடு தீப்பற்றினாலும் நிற்கக் கூடாது! வாசிப்பவரின் விரல் வெடித்தாலும் நிற்கக் கூடாது!

நேற்று முன்தினம் மதியத் தொழுகை முடிந்து, ஃபராஜி பக்கத்து ஊரான தியாபாத்தில் ஒரு மையத்து வீட்டுக்குப் போயிருந்தார். என் மகள் இதே மேடையில், இதே ஒலிபெருக்கிகளில் தன் பெட்டியைச் சோதித்துப் பார்த்தாள். வாப்பா முன்பு வாசித்ததைக் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தாள். அதற்கடியில் தன் மின்னொலியைப் பூட்டியிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கேட்கும்போது என் நெஞ்சுக்குள் மீன்படகின் மோட்டார் ஓடுவதுபோல் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. இருந்ததா இல்லையா? கேட்டவர்கள் சொல்லுங்கள்! ஆங், கேட்டீர்களா கைதட்டலை? கூடாரத்துக்குள்ளும் கேட்டிருக்கும்.

ஆனால் அவள் எடுத்தது எந்தப் பாட்டு? நீலப் பாட்டு. மேடையின் அருகே சூப்பு வண்டியோடு உட்கார்ந்திருந்தது யார்? ஹத்தா.

கரண்டி கீழே விழுந்தது. ஹத்தா எழுந்தாள். துணி இல்லை, சாம்பிராணி இல்லை, பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆடத் தொடங்கினாள். ஓடி வந்து என் முக்காட்டை எடுத்து அவள்மேல் போட்டேன். அது சிவப்பு, வேறென்ன செய்வேன்? அவள் உச்சத்துக்குப் போகிறாள், போகிறாள், போகிறாள், அப்போது பெட்டி தன் கணக்குப்படி மெல்ல மெல்லத் தேய்ந்து, தேய்ந்து, நின்றுவிட்டது. என் மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடையில் குனிந்து பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது ஹத்தா கற்சிலையாக நிற்கிறாள். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. கை மூடியிருக்கிறது. அந்த நிசப்தம் இருக்கிறதே, அம்மாடி! நெடுநேரம் கழித்து நினைவு வந்ததும் ஹத்தா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எவடி அவ, என்னை நடுக்கடல்ல எறக்கி விட்டுட்டுப் போனவ?"

நான் என்ன பதில் சொல்வேன்? என் வயிற்றில் பிறந்தவள் என்றா?

மாலையில் ஃபராஜி திரும்பினார். கையைப் பார்த்தார். முகம் கறுத்தது. "பாட்டு எங்க நின்னுச்சு?" என்றார். "முடிஞ்சுதான் வாப்பா நின்னுச்சு. நான் நடுவுல நிறுத்தல" என்றாள் கிஸ்லான். "முடிஞ்சுதா? போடு பார்ப்போம்" என்றார். போட்டாள். பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவர் மகளிடம் திரும்பினார். பிறகு கேட்டார், "இது முடிவுன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும். சின்னப் புள்ளையிலிருந்து கேட்டிருக்கேனே. நீலப் பாட்டு எப்பவும் இப்படித்தான் கொறைஞ்சு கொறைஞ்சு முடியும்."

தாய்மார்களே! அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. எங்கள் வீட்டில் நீலப் பாட்டு தொடங்கியதும் பிள்ளைகளை உள்ளறையில் விட்டுக் கதவை மெல்லச் சாத்த வேண்டும் என்பது ஃபராஜியின் கட்டளை. அவள் கேட்டது பாட்டின் முடிவை அல்ல. கதவு சாத்தப்படும் ஓசையை! ஒவ்வொரு வருடமும் அந்தக் கதவு அவள் முகத்தின்மேல் சாய்ந்து சாய்ந்து மூடியது. அதைத்தான் முடிவென்று நம்பி வளர்ந்திருக்கிறாள். அதைத்தான் பெட்டிக்குள்ளும் வைத்திருக்கிறாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

சரி. அப்போதே ஃபராஜி கிம்ப்ரியை எடுத்து முழுப் பாட்டையும் வாசித்தார். ஹத்தா அசையவில்லை. மறுபடி வாசித்தார். அசையவில்லை. சாம்பிராணித் தட்டுக்குச் சொந்தக்காரி, சடங்குக்கெல்லாம் மூத்தவள் லல்லா யாமினா வந்து பார்த்துச் சொன்னாள்: "ஃபராஜி, உன் கையால ஆகாதுப்பா. எந்தக் கை எறக்கி விட்டுச்சோ அந்தக் கைதான் கரையேத்தணும். உன் மவ கையில கிம்ப்ரியைக் கொடு."

அவ்வளவுதான். வீடு இரண்டு பட்டது!

"எங்க பரம்பரையில கிம்ப்ரி பொம்பளை மடியில உக்காந்ததில்ல" என்றார் அவர்.

"பாரிஸ்காரன் மடியில உக்காந்துச்சே வாப்பா? தோட்டத்துல கூடாரம் போட்டுக்கிட்டு, நாலு கிளாஸ் புதினாத் தேத்தண்ணி குடிச்சுட்டு, கத்துக்கிட்டுப் போனானே? அவனுக்குக் கதவைச் சாத்துனீங்களா?"

"அவன் ஆம்பளை."

"அவன் இப்ப எங்க? ஹத்தா மாமி கை மூடிக் கெடக்குறப்ப அவன் வந்தானா?"

பதில் இல்லாத ஆண் என்ன செய்வான்? கோபிப்பான். "அந்தப் பெட்டி இருக்கிற மேடையில நான் ஏற மாட்டேன்" என்றார். "பெட்டி இல்லாம நானும் ஏற மாட்டேன். நான் பண்ணுன தப்பை நான்தான் சரி பண்ணுவேன். சொல்லித் தாங்க" என்றாள் இவள். அவர் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். இவள் அவருக்குப் பிறந்தவள் அல்லவா, இவளும் நின்றாள்.

யாரது மூன்றாம் வரிசையில்? டாக்டர் தம்பியா? "நரம்புப் பிடிப்பு, தானா சரியாயிடும்" என்கிறீர்கள். உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், தம்பி. நீங்கள் கொடுத்த மாத்திரையும் போட்டாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. தானாகச் சரியானால் முதலில் உங்களுக்குத்தான் மீன் வறுத்துத் தருவேன். ஆனால் கரண்டி பிடிக்க முடியாமல் இரண்டு நாளாக வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறாளே, அவளிடம் "காத்திரு" என்று எப்படிச் சொல்வது?

ஹத்தா ஏதோ சொல்கிறாள். கொஞ்சம் அமைதி! காற்றே, நீயும் கொஞ்சம் வாயை மூடு! என்ன ஹத்தா?

"ஏ மஹ்ஜூபா, ஊர்க்கதை போதும்டி. உன் மவளை வரச் சொல்லு. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ வாசிச்சா நான் எந்திரிப்பேன். மறுபடி பாதியில விட்டா மட்டும் உங்க குடும்பத்தையே சபிச்சுப்புடுவேன், ஆமா!"

கேட்டீர்களா? கேட்டீர்களா மக்களே? பாதியில் விடப்பட்டவள் மறுபடியும் ஏறத் துணிகிறாள். பாதியில் விட்டவள் மறுபடியும் தொடத் துணிகிறாள். துணியாதவர் ஒருவர்தான். அவரைப் பற்றி நான் ஊருக்கு முன்னால் குறைவாகப் பேசியதே இல்லை. இன்றும் பேச மாட்டேன். ஆனால் அவருடன் பேசுவேன்.

ஃபராஜி! திரைக்குப் பின்னால் இருக்கும் ஃபராஜி! இந்த ஒலிபெருக்கி துறைமுகம் வரை கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் பாட்டனின் பாட்டன் கையில் விலங்கோடு பாலைவனத்தைக் கடந்து வந்தார். விலங்கு போயிற்று, தாளம் மிஞ்சிற்று. அந்தத் தாளம் யாரிடம் அனுமதி கேட்டுப் பிழைத்தது? பாலைவனம் தாண்டியபோது கேட்டதா? கடைத்தெருவுக்கு வந்தபோது கேட்டதா? கடல் தாண்டிய கிட்டாரோடு நீங்களே கைகோத்தபோது யாரைக் கேட்டீர்கள்? கிட்டார் வந்தது, கெடவில்லை. எக்காளம் வந்தது, எரியவில்லை. மின்சாரம் வந்தது, மூழ்கவில்லை. பெற்ற பெண் வந்தால் மட்டும் எல்லாம் பாழாகிவிடுமா? பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா, பெண்ணைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா? சொல்லுங்கள், ஊர் கேட்கட்டும்!

கிஸ்லான்! நீயும் கேள். நீ பிடிவாதக்காரி, அது என் பாலில் வந்தது, சரி. ஆனால் பாட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டால் அது உன் சொல்படிதான் கேட்கும் என்று நினைத்தாயே, அது தப்பு. பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதாது, மகளே. எழுந்தவளை இறக்கத் தெரியாத கை எழுப்பக் கூடாது. உனக்கு அது தெரியாமல் போனது உன் குற்றம் அல்ல. தெரியாது என்று தெரிந்த பிறகும் கற்றுக்கொள்ளாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் அது உன் குற்றம். வாப்பாவின் முன்னால் போய் உட்கார். அவர் முறைத்தால் முறைக்கட்டும். நான் எத்தனை வருடமாக அந்த முறைப்போடு குடித்தனம் நடத்துகிறேன், உயிரோடுதானே இருக்கிறேன்?

என்ன இது, திரை அசைகிறது. காற்றா? இல்லை. சாலிம் வருகிறான். இரும்புத் தாளம் போடுகிற எங்கள் சாலிம். என்னப்பா? சத்தமாகவே சொல், இனி இங்கே ரகசியம் ஒன்றும் பாக்கி இல்லை.

"அக்கா, ஆசான் என் தாளத்தை வாங்கிக்கிட்டாரு."

தாளத்தையா? கிம்ப்ரி எங்கே?

"உறையைக் கழட்டிட்டாரு. கிஸ்லான் மடியில வெச்சிருக்காரு."

யா அல்லாஹ்! மக்களே! உட்காருங்கள், உட்காருங்கள், யாரும் எழுந்து கத்தாதீர்கள்! கைதட்டாதீர்கள், அவர் ரோஷக்காரர், திரும்பிப் போய்விடுவார்!

இதோ வருகிறார்கள். முன்னால் கிஸ்லான், மடியில் வைத்த கிம்ப்ரியை மார்போடு அணைத்துக்கொண்டு. பின்னால் அவள் வாப்பா, சிற்றாள்போல் இரும்புத் தாளங்களோடு. பெட்டியைச் சாலிம் தூக்கி வருகிறான். ஆசான் ஃபராஜி, இந்த ஊரின் ஆசான், மகளுக்குப் பின்னால் தரையில் அமர்கிறார். என்ன ஃபராஜி? ஒலிபெருக்கி வேண்டுமா? இந்தாருங்கள். ஐந்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டீர்களே நீங்கள்!

"எல்லாருக்கும் சலாம். ஒண்ணு சொல்லணும். கிஸ்லான், நீ முடிவைச் சொல்லித் தாங்கன்னு கேட்டே. அந்தப் பாரிஸ்காரனுக்கும் நான் அதைச் சொல்லித் தரல. சாலிமுக்கும் சொல்லித் தரல. ஏன்னா நீலப் பாட்டுக்கு முடிவு ராகத்துல கெடையாது. விரல்லயும் கெடையாது. ஹத்தா முகத்தைப் பாரு. அவ எறங்குறவரைக்கும் வாசி. அவ எறங்கிட்டான்னு அவ முகம் சொல்லும். அப்ப நிறுத்து. அவ்வளவுதான் முடிவு. அந்தப் பெட்டியும் அடிக்கட்டும். ஆனா அது மணி பார்க்கக் கூடாது."

"பார்க்காது வாப்பா. கணக்கை எடுத்துட்டேன். நீங்க நிறுத்துறவரைக்கும் அது ஓடும்."

"நான் இல்ல. நீ நிறுத்துறவரைக்கும்."

கேட்டீர்களா? நான் வேறு சொல்ல என்ன இருக்கிறது? லல்லா யாமினா தட்டில் நெருப்பை ஊதுகிறாள். ஹத்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்துக்கு வருகிறாள். மூடிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வருகிறாள், பாருங்கள். நீலத் துணி இருக்கிறதா? இருக்கிறது. தண்ணீர்? இருக்கிறது.

எனக்கு இன்னும் பயம்தான். அவள் எழுந்து, என் மகள் தடுமாறினால்? விரல் வழுக்கினால்? மார்செய்யில் கிட்டார் பழகிய விரல்தான், பாட்டும் காதில் இருக்கிறது. ஆனாலும் பழகாத மடி, பழகாத நரம்பு, ஊரே பார்க்கும் மேடை. இறைவா, என் வாழ்நாளில் எத்தனையோ பெண்களைப் பல்லக்கில் ஏற்றியிருக்கிறேன், இப்படி நெஞ்சு அடித்ததில்லை. ஆகவே உங்களிடம் ஒரே ஒரு பிச்சை கேட்கிறேன். பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழாதீர்கள். குளிருகிறது என்று எழாதீர்கள். பிள்ளை அழுகிறது என்றால் இங்கேயே வைத்துத் தாலாட்டுங்கள். கைப்பேசியைக் கீழே வையுங்கள், முகங்களைப் பாருங்கள். எத்தனை நேரம் ஆகும் என்று கேட்காதீர்கள், எவருக்கும் தெரியாது. ஹத்தா கரையேறும்வரை நாம் அனைவரும் கடலில்தான்!

தலைவர் ஹாஜி தைபி அவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், என்னோடு சேர்ந்து இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், குறுக்கே குறுக்கே பேசிய தம்பிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீடுகளில் எந்தப் பாட்டும் பாதியில் நிற்காமல் இருக்கட்டும். உங்கள்மீது அமைதி உண்டாகட்டும்.

கிஸ்லான், பெட்டியின் திரையைப் பார்க்காதே. என்னையும் பார்க்காதே. ஹத்தாவைப் பார். ம், தொடங்கு.